எந்தப் பக்கத்துக் கைதி?

ஜெர்மனி மீது இத்தாலி போர் அறிவித்த மறுநாள், அதாவது 1943 அக்டோபர் பதினான்காம் தேதி, மெசாஞ்ஞே ஊரில் சவரக்கடை வைத்திருந்த ஒரோன்சோ பானிக்கோ ஒரு காகிதப் பொட்டலத்தையும் ஒரு மனுவையும் எடுத்துக்கொண்டு பிரிந்திசி துறைமுகத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார். பொட்டலம் இளைய மகன் பந்தலேயோவுக்கு. மனு மூத்த மகன் வீத்தோவுக்காக.

வீத்தோவை ஆங்கிலேயர்கள் 1941-லேயே லிபியாவில் பிடித்துக் கப்பலேற்றி, இந்தியாவில் ஒரு முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். "இங்கே அடிக்கிற வெயிலுக்கு நம்ம ஊர் வெயில் தம்பி முறை" என்று அவன் எழுதியிருந்தான். ஆகவே அவனுக்குத் துணிமணி எதுவும் வேண்டாம். வெளியே விட்டால் போதும். பந்தலேயோவின் கதை வேறு. அவன் கிரீஸில் இத்தாலியக் காவற்படையில் இருந்தவன். ஆங்கிலேயரோடும் அமெரிக்கரோடும் இத்தாலி சமாதானமாகிவிட்டது என்று செப்டம்பர் எட்டாம் தேதி வானொலி சொன்னது. மூன்றாம் நாள், அதுவரை ஒரே அண்டாவில் சூப் குடித்த ஜெர்மானியர்கள் அவன் படைப்பிரிவின் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரையும் ரயிலில் ஏற்றினார்கள்.

"ஊருக்கு அனுப்புறோம்னுதான் சொன்னாங்க. ரயிலு வடக்கே போச்சு" என்றான், அங்கிருந்து தப்பி வந்த மாலுமி ஒருவன்.

பந்தலேயோவின் உடம்பில் கோடைக்காலச் சட்டை. அவன் பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளிக்காரன். அவன் அம்மா அசுந்தா கத்தரிக்கோலை எடுத்தாள். கல்யாணத்துக்குத் தாய் வீட்டில் கொடுத்த மெத்தையைக் கிழித்து, உள்ளே இருந்த ஆட்டுமயிரை எடுத்து நூற்று, பத்தே நாளில் ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடித்தாள். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வைக்கோல் மேல் படுத்தார்கள்.

பிரிந்திசியில் அப்போது மன்னர் இருந்தார், அரசாங்கம் இருந்தது, கூட்டாளிகள் உறவுப் பொது இயக்ககமும் இருந்தது. ஜெர்மானியர் நெருங்கியதும் ரோமிலிருந்து எல்லாரும் அவசரமாகப் புறப்பட்டபோது இயக்ககம் தன் கோப்புகளை விட்டுவிட்டு முத்திரைகளை மட்டும் பத்திரமாக எடுத்து வந்துவிட்டது. பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். அதிகாரிகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, நாட்டின் நட்புகளை நிர்வகித்தார்கள்.

முன்கூடத்தில் இரண்டு சாளரங்கள். ஒன்றின் மேல் 'கூட்டாளிகள்' என்றும் மற்றதன் மேல் 'பகைவர்கள்' என்றும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள்தான் இருந்தார்: சார்ஜன்ட் பால்தஸாரே. முப்பது வயது, இளைப்பும் சலிப்புமான முகம், கூப்பிட்ட பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"பெரியவன யார் பிடிச்சு வெச்சிருக்காங்க?" என்றார், மனுவைப் பார்த்துவிட்டு.

"இங்கிலீஷ்காரங்க."

"இங்கிலீஷ்காரங்க நமக்கு என்ன வேணும்?"

ஒரோன்சோ யோசித்தார். "போன மாசம் வரைக்கும் பகையாளி. இப்போ கூட்டாளி. இல்லீங்களா தம்பி?"

"ஐயையோ, அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. கூட்டாளி இல்ல. கூடச் சண்டை போடுறவங்க. நேத்து கையெழுத்தான தாள்லயே அப்படித்தான் இருக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கூட்டாளின்னா பந்தியில உக்காரலாம். கூடச் சண்டை போடுறவன்னா பரிமாறலாம்." பால்தஸாரே பெருமூச்சு விட்டார். "அவங்களுக்குன்னு சுவத்த இடிச்சுத் தனிச் சாளரம் வைக்கணும். உத்தரவு வரல. சின்னவன்?"

"ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டாங்க. அவங்க நேத்துலேருந்து பகையாளிதானே? பொட்டலத்த மட்டும் வாங்கிக்குங்க, போதும்."

"என்னைக்குப் பிடிச்சாங்க?"

"செப்டம்பர் பதினொண்ணு."

பால்தஸாரே பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நாம அவங்க மேல போர் அறிவிக்கல. கூட்டணியையும் முறிச்சுக்கிட்டதா யாரும் எழுத்துல கொடுக்கல. கூட்டாளி எப்படிண்ணே நம்மாளக் கைதியாப் பிடிப்பான்? சட்டப்படி உங்க பையன் விருந்தாளி."

"விருந்தாளியா!"

"பகைவர் சாளரத்துல வாங்கணும்னா அவன் நேத்துக்கு அப்புறம் பிடிபட்டிருக்கணும். கூட்டாளி சாளரத்துல வாங்கணும்னா நேத்துக்கு முன்னாடி நீங்க வந்திருக்கணும்." அவர் குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "ஒரு மாசம் பொறுத்துப் பிடிபட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

அந்நேரம் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "பால்தஸாரே! இந்த ஊர்ல கத்தி பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தன்கூடவா இல்ல?"

ஒரோன்சோ மேல்சட்டைப் பையில் எப்போதும் சவரக்கத்தி வைத்திருப்பவர். எதற்கென்று யோசிக்காமல் கையை உயர்த்தினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான் என்று பிற்பாடு அசுந்தா சொல்வாள்.

பொது இயக்குநர் கர்னல் தெரென்ஸி ஐந்து வாரத் தாடியோடு ஆசிரியை மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். ரோமிலிருந்து கிளம்பிய அவசரத்தில் சவரக்காரர் விடுபட்டுப் போனார். சோப்பு நுரை கன்னத்தில் ஏறியதும் கர்னலுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"கூட்டணி விஷயத்துல நம்ம நாட்ட உலகம் தப்பாப் பேசுதுப்பா. 1914-ல நமக்குக் கூட்டாளி யாரு? ஆஸ்திரியா. அவன் சண்டைய ஆரம்பிச்சான். நாம என்ன பண்ணினோம்? கண்ணியமா ஒதுங்கி நின்னோம். ஒரு வருஷம் ரெண்டு தரப்பு சொல்றதையும் காது கொடுத்துக் கேட்டோம். எந்த நாடு அப்படிக் கேட்கும், சொல்லு? கேட்ட பிறகுதான் அவனையே அடிச்சோம்."

ஒரோன்சோவுக்கு அது தெரியும். 1914-ல் அவர் இருபது வயது பட்டாளத்துக்காரர். பயிற்சி முகாமில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் படத்துக்கு அவர் சல்யூட் அடித்தார். மறு ஆண்டு அந்தச் சக்கரவர்த்தியின் பீரங்கி ஒன்று இசோன்சோ ஆற்றங்கரையில் அவரது இடது காதைச் செவிடாக்கியது.

"இந்தத் தடவ ஜெர்மன்காரன் கூட இருந்தோம்" என்று தொடர்ந்தார் கர்னல். "பிரான்ஸ் விழுகிற வரைக்கும் பொறுமையா இருந்துட்டுத்தான் அவன் பக்கம் சேர்ந்தோம். ஜெயிக்கிறவன் பக்கம் ஓடுறோம்னு சொல்றான் பாரு, அது சுத்த அவதூறு. 1940-ல சேர்ந்தோமே, ஜெயிச்சோமா? இல்லையே! அப்போ நாம எவ்வளவு விசுவாசமானவங்க!"

"ஐயா, என் பையங்க…"

"மனுதானே? உள்ள வந்து நேர்ல மனு கொடுக்க ஊழியர்களுக்குத்தான் உரிமை. பால்தஸாரே, இவர மூணாம் நிலைச் சவரக்காரரா, தற்காலிகமா, நியமனம் பண்ணு."

நியமனம் ஆயிற்று. பத்து நிமிடத்தில் ஊழியர் ஒரோன்சோ தன் மனுவை நீட்டினார். அதைப் படித்துப் பார்த்த கர்னல் வருத்தத்தோடு தலையசைத்தார். சொந்தக் குடும்பத்தின் காரியத்தை ஊழியர் யாரும் இயக்ககத்தில் கொண்டுவரக் கூடாது. அது விதி ஒன்பது.

"அப்போ வேலைய விட்டுடறேங்க."

"விடலாமே. ஆனா போர்க்காலத்துல விலகல் கடிதத்துக்குக் கூட்டாளி ஒப்புதல் வேணும். இப்போ நமக்குக் கூட்டாளின்னு யாரும் இல்லையேப்பா."

பொட்டலம் மட்டும் 'விருந்தாளி, தகுதி முடிவாகவில்லை' என்ற சீட்டோடு அலமாரியில் ஏறியது. ஊழியர்கள் நகரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை ஒரோன்சோ அன்று மாலை ஊர்ப் பாதையில் நின்ற காவலரிடம் தெரிந்துகொண்டார். திரும்பி வந்து பள்ளிக்கூடத்தின் வரைபட அறையில், சுருட்டி வைத்த ஐரோப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

வாரம் ஒரு முறை அசுந்தா வண்டி பிடித்து வருவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள்.

"போச்சா?"

"இன்னும் இல்ல."

"அலமாரியில இருக்கிற சட்டைக்கா நான் மெத்தையக் கிழிச்சேன்? குளிரு ஆரம்பிச்சிடுச்சு மனுஷா."

நவம்பரில் ஆங்கிலேயரின் கேப்டன் பார்லோ இயக்ககத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எப்படி வரவேற்பது என்று இரண்டு நாள் கூட்டம் நடந்தது. கூட்டாளியைப் போலக் கட்டித் தழுவினால் அது ஒப்பந்த மீறல். விறைப்பாக நின்றால் பகைமை. கடைசியில் கர்னல் ஒரு புன்னகையை வகுத்தார். எல்லாரையும் விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்திப் பழக்கினார்.

"உதடு சிரிக்கணும். பல்லு தெரியக் கூடாது. கண்ணு ரெண்டும் நடுநிலையா இருக்கணும். பால்தஸாரே, நீ ரொம்ப நட்பாச் சிரிக்கிற! நாம இன்னும் அந்த அளவுக்குப் போகல!"

"பல்வலிங்க ஐயா."

"அதையே வெச்சுக்கோ, நல்லா இருக்கு. எல்லாரும் அவனப் பாருங்க!"

மறுநாள் கேப்டன் பார்லோவை முப்பது பேர் பல்வலியோடு வரவேற்றார்கள். அவர் மரியாதையாகத் தன் முகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு சவரத்துக்கு உட்கார்ந்தார். இசை நாடகப் பாடல்களை மனப்பாடம் செய்து அவர் இத்தாலி மொழி கற்றவர். ஆகவே ராஜா வேஷக்காரர் போலத்தான் பேசுவார்.

"அன்பிற்குரிய முதியவரே! தங்கள் வதனத்தில் துயரம் குடிகொண்டிருப்பது ஏனோ?"

ஒரோன்சோ நாற்காலியைச் சுற்றி வந்து, கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, வீத்தோவைப் பற்றிச் சொன்னார்.

"அஞ்சற்க! தங்கள் புதல்வன் இந்தியாவில் நலமே உள்ளான். நும் நாட்டினர் அங்கே பாதை சமைக்கின்றனர், காய்கறி விளைவிக்கின்றனர். அரிய உழைப்பாளிகள்! அவர்களை விடுவித்தால் அப்பணிகளை யார் ஆற்றுவார்?"

"ஆனா இப்போ நாம ஒரே பக்கமுங்களே."

"ஆம், ஆம்! ஆதலின், விரைவில் அவனிடம் ஒரு தாள் நீட்டப்படும். அதில் அவன் ஒப்பமிட்டால், அக்கணமே நம் தோழனாகி விடுவான்."

"விட்டுடுவீங்களா?"

"இல்லை. தோழனாகிக் கைதியாய் இருப்பான்."

"என்ன மாறும்?"

கேப்டன் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "தோளில் ஒரு துணிப்பட்டை."

டிசம்பர் போயிற்று. பிரிந்திசியின் குளிர் பெரிய குளிர் இல்லை. ஆனால் கடலிலிருந்து வருகிற ஈரம் எலும்புக்குள் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் ஒரோன்சோ இருபத்திரண்டு முகங்களை வழித்தார். அவற்றில் இருபத்தொன்று அவரிடம் இத்தாலியின் மானத்தைப் பற்றிப் பேசின. அவர் மனசு முழுக்க, எங்கோ வடக்கே ஒரு கொட்டகையில் இருமுகிற பையன். பால்தஸாரே ஒருவர்தான் எதுவும் பேசாமல் முகத்தைக் கொடுப்பார். அவர் பெண்டாட்டி மிலானோவில், ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பக்கத்தில் இருந்தாள். அவளை விருந்தாளி ஏட்டில் எழுதுவதா, பகைவர் ஏட்டில் எழுதுவதா என்று தெரியாமல் அவர் எதிலும் எழுதவில்லை.

ஜனவரி இறுதியில் ஓர் ஆங்கிலேயத் தளபதி வருவதாக இருந்தது. பதினோரு மணிக்குக் கார் வந்து நிற்கும். பத்தரைக்கு ஒரோன்சோ கர்னலின் அறைக்குள் நுழைந்து துண்டைக் கழுத்தில் கட்டப் போனார். கை அப்படியே நின்றது. சீருடைக்கு உள்ளே, கழுத்தோரம், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி தெரிந்தது. நூல் தீர்ந்து போய் அசுந்தா கடைசி இரண்டு வரிசையைத் தன் கருப்புச் சால்வை நூலால் முடித்திருந்தாள். அந்தக் கருப்பு வரிசை கர்னலின் தொண்டைக்குழிக்கு நேராக இருந்தது.

"அது என் பையனோட சட்டைங்க."

"தெரியும்பா" என்றார் கர்னல், கண்ணை மூடிக்கொண்டே. "அலமாரியில அந்துப்பூச்சி வந்துடுச்சு. அரசாங்கப் பாதுகாப்புல இருக்கிற ஒரு பொருள அந்து திங்க விடலாமா? உடம்புல போட்டுக் காப்பாத்துறேன். கழுத்துல கொஞ்சம் அரிக்குது, நாட்டுக்காகப் பொறுத்துக்கிறேன். உம், ஆரம்பி."

ஒரோன்சோ நுரை தடவினார். கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினார். வலது கன்னத்தை வழித்தார். மயிர்க்கால் தெரியாமல், வெண்ணெய் போல வழித்தார். கர்னல் பேசிக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு நான் தளபதிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லப்போறேன். ஐயா, எங்களோட கூட்டாளியா இருந்தவங்க எல்லாரையும் கேட்டுப் பாருங்க. எங்கள அவங்க மறந்ததே இல்ல!"

கத்தி தொண்டைக்குழியருகே வந்தது. அங்கே தோலுக்கடியில் ஒரு நரம்பு துடித்தது. அதை ஒரோன்சோ வெகுநேரம் பார்த்தார். கை நடுங்கவில்லை, நடுங்காததுதான் அவரைப் பயமுறுத்தியது. கத்தியை மடக்கினார்.

"கழட்டுங்க."

"என்னது?"

"சட்டைய."

கர்னல் கண்ணைத் திறந்தார். ஒரோன்சோவின் முகத்தையும் மடக்கிய கத்தியையும் பார்த்தார். இதுவரை எந்த உத்தரவையும் இவ்வளவு விரைவாக அவர் நிறைவேற்றியதில்லை. கம்பளியை வாங்கி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஒரோன்சோ வெளியே நடந்தார். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

விளையாட்டுத் திடலில் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். கர்னல் ஓடி வந்து இடத்தில் நின்றார். வலது கன்னம் பளபளத்தது. இடது கன்னத்தில் முள்முள்ளாக மயிர், அதன் மேல் காய்ந்த நுரை. தளபதி அவரை ஒரு பக்கமிருந்து பார்த்தார். நடந்துபோய் மறுபக்கமிருந்தும் பார்த்தார். பிறகு கேப்டன் பார்லோவிடம் குனிந்து, இது இவர்களது வழக்கமா என்று கேட்டார்.

"இன்னும் முழுதாக நம் பக்கம் வரவில்லை, ஐயா" என்றார் கேப்டன். "ஒப்பந்தத்தில் இருக்கிறது."

தளபதி புரிந்துகொண்டவராகத் தலையசைத்து, வழிக்கப்பட்ட பக்கத்துக்கு மட்டும் சல்யூட் அடித்தார்.

ஒரோன்சோவை அன்றே கைது செய்தார்கள். ஊர்ப் பாதையில் கம்பளியோடு நடந்துகொண்டிருந்தபோது பிடித்தார்கள். குற்றம்: ஆயுதம் தாங்கி, அரசாங்கத்தின் ஒரு பக்கத்தை முடிக்காமல் விட்டது. பள்ளிக்கூடத்தின் விறகறையில் அடைத்தார்கள். கம்பளியைச் சாட்சிப் பொருளாக எழுதிக்கொண்டு மீண்டும் அலமாரியில் வைத்தார்கள்.

பிப்ரவரியில் அரசாங்கம் சலேர்னோவுக்குக் குடிபெயர்ந்தது. இயக்ககமும் முத்திரைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. கைதியை இடம் மாற்ற உத்தரவு இல்லை. கைதி இருந்தால் காவல் வேண்டும். ஆகவே பால்தஸாரேவையும் விட்டுப் போனார்கள். காலிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். முதல் வாரம் பால்தஸாரே கதவைப் பூட்டினார். இரண்டாம் வாரம் சாத்தி மட்டும் வைத்தார். மூன்றாம் வாரம் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார், அங்கேதான் அடுப்பு இருந்தது.

"போயிடலாமேண்ணே" என்றார் ஒருநாள்.

"எங்க? ஊர்ப் பாதையில சீட்டு கேக்குறான். உன்கிட்ட இருக்கா?"

"என்கிட்ட எங்க இருக்கு?"

மார்ச்சில் ஒரு நாள் அசுந்தா வந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் ரொட்டியையும் அவரைக்காய்க் கூழையும் கீழே வைக்கவே மறந்து, கையில் பிடித்தபடி நின்றாள்.

"சின்னவன் கூட ரயில்ல போன ஒருத்தன் வந்திருக்கான். மலையில குதிச்சுத் தப்பிச்சு, அங்கங்க ஒளிஞ்சு கிடந்து, படகுல பாரிக்கு வந்து சேர்ந்தானாம். நானே போய்ப் பார்த்தேன்."

"உயிரோட…?"

"அந்த ஆளு குதிக்கிற வரைக்கும் நம்ம பய உயிரோட. கேளு. வழியில ஒரு ஸ்டேஷன்ல எல்லாரையும் இறக்கி நிக்க வெச்சிருக்காங்க. பெரிய அண்டாவுல சூப்பு. ஒரு அதிகாரி தாள நீட்டி, 'திரும்பவும் எங்க கூட சேர்ந்து சண்ட போடுறேன்னு கையெழுத்துப் போடுறவன் முன்னால வா. சூப்பு உண்டு, கோட்டு உண்டு, ஊருக்கு லீவும் உண்டு'ன்னானாம். பத்துப் பதினஞ்சு பேரு முன்னால போனாங்களாம். நம்ம பய போகல."

"ஏன்?"

"அந்தப் பையனும் அதத்தான் கேட்டிருக்கான். 'உனக்கு நெஞ்சு வேற சரியில்லையேடா, போடேன்'னு. இவன் சொன்னானாம்: 'இத்தனை வருஷமா எவனெவனோ நான் யாரு பக்கம்னு சொன்னான். இன்னைக்குத்தான் என்னையே கேக்குறாங்க. மாட்டேன்னு சொல்லிப் பாக்குறேன்'னு."

அசுந்தா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் அழுதாளா, சிரித்தாளா என்று ஒரோன்சோவுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டாள். பால்தஸாரே எழுந்து வெளியே போய் நின்றார்.

நான்கு நாள் கழித்து சலேர்னோவிலிருந்து ஒரு தாள் வந்தது. கர்னல் தெரென்ஸி பெருந்தன்மையோடு வழக்கை முடித்து வைக்க இசைந்திருந்தார். கைதி செய்ய வேண்டியது ஒன்றுதான். தன் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, அந்தக் கம்பளிச் சட்டை இயக்ககத்துக்குத் தான் கொடுத்த அன்பளிப்பு என்றும், இயக்ககத்துக்கு எக்காலத்திலும் ஒரே பக்கம்தான் இருந்தது என்றும் எழுதிய வாசகத்தின் கீழே கையெழுத்திட வேண்டும். காவலர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். இருவரும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஊர்ப் பாதைக்கான இரண்டு அனுமதிச் சீட்டுகள் உறைக்குள்ளேயே இருந்தன.

பால்தஸாரே அதைச் சத்தம் போட்டு வாசித்தார். சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரையெல்லாம் சரியாக இருந்தது.

"போடுங்கண்ணே. ஒரு கிறுக்கல்தானே."

ஒரோன்சோ பேனாவை வாங்கினார். அசுந்தா வைக்கோலில் படுத்திருப்பது நினைவுக்கு வந்தது. கடையும், கண்ணாடியும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நினைவுக்கு வந்தன. பேனாவை மேசை மேல் வைத்தார்.

"முடியல தம்பி. உன்ன நெனச்சாத்தான் பாவமா இருக்கு. நீ போகணும்னா, நான் ஓடிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உன் சீட்ட எடுத்துக்கோ. நான் மறுக்க மாட்டேன்."

பந்தலேயோ அடுத்த ஆண்டு கோடையில் வந்து சேர்வான். பாதி ஆளாக, ஆனால் தன் காலாலேயே நடந்து வருவான். வீத்தோ அதற்கும் அடுத்த ஆண்டு, இத்தாலி கூட்டாளியா இல்லையா என்ற பேச்சே ஓய்ந்த பிறகு, தோளில் துணிப்பட்டையோடு கப்பலிலிருந்து இறங்குவான். ஆனால் அன்று அந்த விறகறையில் இருந்த இரண்டு பேருக்கும் இது எதுவும் தெரியாது. அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வெளியே துறைமுகத்தில் யாருடைய கப்பலோ ஊதியது.

பால்தஸாரே அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு இரண்டு அனுமதிச் சீட்டுகளையும் உறைக்குள் திரும்பப் போட்டார். வாக்குமூலத் தாளைத் திருப்பி, பின்பக்கம் தன் அலுவலக எழுத்தில், சுழி பிசகாமல், இயக்குநருக்குப் பதில் எழுதினார்.

"கைதி கையெழுத்திட மறுக்கிறார். காவலரும்."